குளக்கரை ரயில்மேடை என்னுடைய வேலை

நான் கட்டியவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒக்லாண்டில், ரானுய் என்கிற பகுதியில் நாங்கள் இருக்கிற வீட்டின் பின்பக்க அறைகளும் கார் விடுகிற முற்றமும் என் கையால் போட்டவை. விரி என்கிற பகுதியில் பெரிய லொறிகள் வந்து திரும்புகிற களஞ்சியங்களில் சிலவற்றின் நிலம் நான் போட்டது. இன்றைக்கும் போய்ப் பாருங்கள், ஒரு வெடிப்புக் காட்டினால் என் மீசையை எடுக்கிறேன். கிளென்ஃபீல்டில் மகள் வாங்கிய வீட்டுக்குப் பின்னால் மேடு சரிந்துகொண்டு வந்தது. வாங்காதே என்று எல்லோரும் சொன்னார்கள். நான் மதில் கட்டி அந்த மேட்டை நிறுத்தினேன். கோயிலில் கார் நிறுத்துகிற இடம், அதைச் சுற்றித் தேர் ஓடுகிற பாதை, இரண்டும் என் வேலை. எங்கட ஆட்களின் வீட்டு முற்றங்கள் எத்தனை போட்டேன் என்று நான் எண்ணியதில்லை. கடைசியாகவும் எல்லாவற்றுக்கும் மேலாகவும் குளக்கரை ரயில்மேடை.

இதெல்லாம் செய்தவன் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். யெஸ், நோ, தாங்க்யூ மூன்றையும் வைத்துக்கொண்டு விமானத்தால் இறங்கியவன். முதல் மிக்சர் மெஷினை யாரோ எறிந்த குப்பையில் இருந்து தூக்கி வந்து, மோட்டர் மாற்றி, பெயின்ற் அடித்து ஓட்டியவன். இவனுக்கு இது சரிவராது என்று சொன்னவர்கள் இரண்டு கோயில் நிறைய இருந்தார்கள். அவர்களில் பலருக்கு முற்றம் போட்டுக் கொடுத்ததும் நான்தான்.

பெருமைக்குச் சொல்கிறான் என்று நினைப்பீர்கள். ஓம், பெருமைக்குத்தான். உழைத்தவன் தானே சொல்லாவிட்டால் பிறகு யார் வந்து சொல்வது? ஆனால் இன்றைக்கு எழுத உட்கார்ந்தது அந்தக் கடைசி வேலைக்காக. எழுதவேண்டிய இடத்தில் அதை எழுதவில்லை.

அந்த இடத்தைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஒக்லாண்டின் தெற்குப் பக்கத்தில் ரயில் பாதை ஒன்று தண்ணீருக்குக் கிட்டப் போய் முடிகிறது. ஒரு காலத்தில் அது அங்கே முடியவில்லையாம். நேரே துறைக்கு ஓடிப் போய்க் கப்பலுக்குப் பக்கத்தில் நின்றதாம். தெற்கே இருந்து கப்பலில் வந்த சனம் பெட்டியோடு இறங்கி, நாலடி நடந்து ரயிலில் ஏறியதாம். மரமும் நிலக்கரியும் மாவும் ஆடு மாடும் அந்த வழியால்தான் வந்து போயினவாம். பிறகு கரையோடு பெரிய ரோட்டுப் போட்டார்கள். ரோட்டுக்கு உள்ளே அகப்பட்ட கடல் குளமாகிப் போனது. வெள்ளைக்காரர் லகூன் என்பார்கள். நாங்கள் குளம் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். ரயில் கொஞ்சம் பின்வாங்கியது, கப்பலும் குறைந்தது. ரயில்காரரும் துறைக்காரரும் இருந்த பலகை வீடுகள் மட்டும் இன்னும் வரிசையாகக் குளத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கின்றன. இப்போது அவற்றில் ஒன்று கோப்பிக் கடை.

நாங்கள் வந்த காலத்தில் அந்தத் துறையில் மீன் இறங்கியது. பக்கத்துக் கொட்டகையில் மீன் வெட்டிப் பெட்டியில் அடுக்கும் வேலை. நானும் மனுசியும் ஒரே நாளில் சேர்ந்தோம். ஐஸ் தண்ணிக்குள் கை வைத்து வைத்து அவளுடைய விரல்கள் சிவந்து, பிறகு வெளிறிப் போகும். எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை மரக்கறி. ஆனால் வெள்ளிக்கிழமைதான் மீன் கூடுதலாக வரும். "வெட்டலாம், தின்னத்தானே கூடாது" என்று தனக்குத் தானே நியாயம் சொல்லிக்கொண்டு வெட்டுவாள். வீட்டுக்குப் போனதும் தலைமுழுகிவிட்டுத்தான் விளக்குக் கொளுத்துவாள்.

மத்தியானம் கொட்டகைக்குப் பின்னால் போய்ச் சாப்பிடுவோம். அங்கே பழைய சரக்கு மேடை ஒன்று இடிந்து கிடந்தது. ரயிலில் வந்த சாமானைக் கப்பலுக்கு மாற்றியது அதன்மேல் வைத்துத்தானாம். மேடை ஒரு பக்கமாகத் தாழ்ந்துபோய், தண்டவாளம் இரண்டும் கறள் பிடித்துச் சிவந்து புல்லுக்குள் கிடந்தன. நாங்கள் அந்தத் தண்டவாளத்தில் குந்தியிருந்து சோற்றுப் பெட்டியைத் திறப்போம். கொட்டகைக்குள் மீன் நாற்றம் மூக்கில் ஏறியிருக்கும், அந்த இடத்தில்தான் குழம்பு குழம்பாக மணக்கும். எங்களோடு வேலை செய்தவர்களுக்கு அவளுடைய பெயர் வாயில் வராது. பாதியை வெட்டிவிட்டு மிச்சத்தைக் கூப்பிடுவார்கள். அவளும் திரும்பிப் பார்ப்பாள்.

"பரவாயில்லை, மீன் வெட்டுற கொட்டகையில பேரையும் வெட்டுறாங்கள்" என்பாள்.

பிறகு நான் கொங்கிரீட் வேலைக்கு மாறினேன். அவள் இன்னும் சில காலம் அங்கேயே இருந்தாள். கொட்டகை மூடுகிற அன்றைக்கு வேலை செய்தவர்களில் அவளும் ஒருத்தி. பிள்ளையை வளர்த்தோம், வீட்டைக் கட்டினோம். வயது போனது. அவளுக்கு இருதயம் பலவீனம் என்று டொக்டர் சொன்னார். பாரம் தூக்கக்கூடாது, மெல்ல நடக்கவேண்டும், சமதரையில் நடக்கவேண்டும் என்றார். ஒக்லாண்டில் சமதரைக்கு எங்கே போவது? குளத்தைச் சுற்றி இருக்கிற பாதைதான் சமதரை. அப்படித்தான் திரும்ப அங்கே போகத் தொடங்கினோம்.

அங்கேதான் அந்த மலேசியாக்காரரைச் சந்தித்தோம். எங்களைவிட இளையவர், ஒப்பீஸ் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர், ஞாயிறு தவறாமல் சேர்ச்சுக்குப் போகிற வேதக்காரர். அவருடைய தகப்பன் மலாயாவில் ரயில்வேயில் இருந்தவராம். அந்த ஆசையில் இங்கே குளக்கரைப் பழமையைப் பாதுகாக்கிற கமிட்டியில் சேர்ந்திருந்தார். தமிழ்க் குரல் கேட்டுத் திரும்பிப் பார்த்து, "வாங்கண்ணே, பசியாறியாச்சா?" என்று கேட்டார்.

மனுசி என் காதுக்குள் சொன்னாள்: "எங்களைப் பார்க்கப் பட்டினி கிடந்த ஆக்கள் மாதிரி இருக்குதாக்கும்."

அவருடைய கமிட்டிக்குத் தலைவி ஒரு வெள்ளைக்கார அம்மா. ரயில் எஞ்சின் ஓட்டியவரின் பேத்தி, அந்தப் பலகை வீடு ஒன்றில் பிறந்தவர். அவர்களுக்கு ஒரு ஆசை. ரயிலும் கப்பலும் சந்தித்த அந்தச் சரக்கு மேடையை எடுத்து நிறுத்தி, பழைய தண்டவாளத்தைத் திரும்பப் பதித்து, அதன்மேல் ஒரு சரக்குப் பெட்டியை நிறுத்தவேண்டும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்து ஏறிப் பார்க்கவேண்டும். ஆனால் நிலம் இளகல், வந்து பார்த்த கொம்பனிக்காரர் எல்லாம் தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார்களாம்.

"அது நாங்கள் சோறு தின்ற மேடை" என்றாள் மனுசி.

நான் அவளைப் பார்த்தேன். பிறகு மலேசியாக்காரரிடம் சொன்னேன்: "உங்கட தலைவி அம்மாவிட்டைச் சொல்லுங்கோ, நான் செய்து தாறன் எண்டு."

"அண்ணே, கூலி எவ்ளோன்னு கேப்பாங்களே."

"கூலியோ? என்ர மனுசி குந்தியிருந்த இடத்துக்கு நான் கூலி வாங்கிறதோ?"

"அப்ப சும்மாவா செய்யப் போறீங்க?"

"சும்மா இல்லை. நான்தான் செய்தனான் எண்டு ஊர் சொல்லவேணும். அதுதான் கூலி."

அவர் சிரித்தார். நான் பகிடிக்குச் சொல்லவில்லை.

வேலையைப் பற்றி விவரமாக எழுதினால் பக்கம் போதாது. கிண்டக் கிண்டக் கீழே இருந்து தண்ணீர் ஊறியது. கடல் ஏறுகிற நேரம் வெட்டிய கிடங்கு நிரம்பும், இறங்குகிற நேரம் சேறு மிஞ்சும். பம்ப் வைத்து இறைத்து, கல்லடுக்கி, அதன்மேல் சல்லி கொட்டி, இறுக்கித் தட்டி, கம்பி வலை விரித்தேன். முன்பு என்னோடு வேலை செய்த ஆட்கள், எல்லோருக்கும் இப்போது முழங்கால் வருத்தம், ஒரு சத்தத்துக்கு வந்தார்கள். கமிட்டிக்காரரும் வந்து மண் அள்ளினார்கள். அதை மறுக்கவில்லை. தலைவி அம்மா அந்த வயதிலும் சப்பாத்து நிறையச் சேற்றோடு நின்றார். ஆனால் இங்கே வெட்டு, இங்கே நிரப்பு, இவ்வளவு உயரம் என்று சொன்ன வாய் இந்த வாய்தான். தண்டவாளம் இரண்டையும் மட்டம் பார்த்துப் பதித்த கை இந்தக் கைதான்.

கொங்கிரீட் கொட்டி மட்டமடித்து முடிந்ததும் ஆட்கள் கைகழுவிவிட்டுப் போய்விடுவார்கள். உண்மையான வேலை அதற்குப் பிறகுதான். கோடை வெயில், குளத்துக் காற்று இரண்டும் சேர்ந்து பச்சைக் கொங்கிரீட்டை உறிஞ்சிவிடும். சாக்கு விரித்து நாள்தோறும் நனைத்துக்கொண்டே இருக்கவேண்டும். மறந்தால் மேலே மயிர்க்கோடு கோடாக வெடிக்கும்.

"இஞ்சாருங்கோ, நான் ஊத்திறன். நீங்கள் குனிஞ்சால் நிமிர மாட்டியள்" என்றாள் மனுசி.

"டொக்டர் உனக்கு என்ன சொன்னவர்?"

"பாரம் தூக்கக் கூடாது எண்டவர். பூவாளி பாரமில்லை."

"நிறைஞ்ச பூவாளி பாரம்தான்."

"அரைவாசி நிரப்பித் தாங்கோ. கதையைக் குறையுங்கோ."

அப்படியே நடந்தது. காலையும் பின்னேரமும் ரானுயில் இருந்து கலன்களில் தண்ணீர் நிரப்பி வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போவோம். நான் அரைவாசி நிரப்பிக் கொடுப்பேன். அவள் மேடையின் ஒரு முனையில் இருந்து மறுமுனைக்கு மெல்ல மெல்ல ஊற்றிக்கொண்டு போவாள். இடையில் நின்று மூச்சு வாங்குவாள். நான் பார்க்கிறேன் என்று தெரிந்தால் குளத்தில் வாத்துப் பார்க்கிறமாதிரி நிற்பாள்.

ஒருநாள் மலேசியாக்காரர் பார்த்துவிட்டு, "ஏன்க்கா, எதிர்ல குளம் நெறைய தண்ணி கெடக்கு. அவ்ளோ தூரத்திலேருந்து எதுக்குச் சுமக்கிறீங்க?" என்று கேட்டார்.

"அது உப்புத் தண்ணி, தம்பி. ஊத்தினால் உள்ளுக்குக் கம்பி கறள் கட்டிப் போயிடும். இவர் பிறகு மீசையை எடுக்கவேண்டி வரும். அந்த முகத்தை நான் எப்பிடிப் பார்க்கிறது?"

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கும் அவள் சொன்னது பிடித்தது. ஆனால் மேடை வெடிக்காமல் இருப்பது அவளால்தான் என்று அன்றைக்கே எனக்குத் தெரியும்.

மேடை இறுகி, சரக்குப் பெட்டியும் வந்து ஏறியது. ஒருநாள் தலைவி அம்மா வந்து, மேடையின் முனையில் ஒரு உலோகத் தகடு வைக்கப்போகிறோம், இதைச் செய்தவர்களின் பெயர் அதில் வரும் என்றார். நான் மனுசியின் பக்கம் கையைக் காட்டி, "ஷீ ஓல்சோ" என்றேன். அந்த அம்மா அவளுடைய கையைப் பிடித்து, "ஒஃப் கோர்ஸ்" என்றார்.

வான் வண்டியில் வீட்டுக்கு வரும்போது அவள் கேட்டாள்: "என்ர பேரை ஏன் போடச் சொன்னனீங்கள்? நான் தண்ணிதானே ஊத்தினனான்."

"தண்ணி ஊத்தாட்டி அது மேடையில்லை, கடிச்சால் உதிருற பொரிவிளாங்காய்."

சிரித்தாள். பிறகு, "போடுறதெண்டால் முழுப்பேரையும் போடச் சொல்லுங்கோ. அந்த இடத்தில ஒருநாளாவது என்ர பேர் முழுசாய் இருக்கட்டும்" என்றாள்.

தனக்கு வேண்டும் என்று அவள் கேட்டவை எங்கள் கலியாண வாழ்க்கையில் சொற்பம். சேலை கேட்டதில்லை, நகை கேட்டதில்லை. இதைக் கேட்டாள். நான் செய்விக்கிறேன் என்றேன். அவளுக்கு நான் செய்வேன் என்று சொல்லிச் செய்யாமல் விட்டது ஒன்றும் அதுவரைக்கும் கிடையாது.

குளிர்காலம் பிறந்தபோது அவளை ஆஸ்பத்திரியில் வைத்தார்கள். கொஞ்சம் சுகம் என்று வீட்டுக்கு விட்டார்கள், திரும்ப வைத்தார்கள். மேடைத் திறப்புக்கு நாள் குறித்துவிட்டார்கள் என்று மலேசியாக்காரர் வந்து சொன்னபோது, "எந்தச் சேலை உடுக்கிறது?" என்று மகளைக் கேட்டாள். மகள் மூன்று சேலையைக் கட்டிலில் விரித்துக் காட்டினாள். ஒன்றைத் தொட்டாள். அதைத்தான் அவளுக்குக் கடைசியில் உடுத்திவிட்டோம்.

இதற்கு மேல் அந்த நாட்களைப் பற்றி எழுத எனக்கு ஏலாது. செத்தவீடு நடந்தது, எரித்தோம். சாம்பலைக் கடலில் விட்டோம். வீட்டில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சனம் வந்து போனது. நான் கதிரையில் இருந்தேன். ஆள் வந்தால் எழும்புவேன், கையைப் பிடிப்பார்கள், இருப்பேன்.

முப்பத்தோராம் நாள் செய்கிற அந்தியேட்டிக்கு முன்னால், துடக்கு நாட்களுக்குள் அந்த டெலிபோன் வந்தது. தலைவி அம்மாதான். முதலில் துக்கம் விசாரித்தார். அழுதார் என்றுதான் நினைக்கிறேன். பிறகு மிகவும் தயங்கித் தயங்கி, தகடு வெட்டக் கொடுக்கவேண்டிய நாள் வந்துவிட்டது, இரண்டு பேருடைய பெயரையும் எப்படிப் போடவேண்டும் என்று கேட்டார்.

எங்கட ஆட்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். செத்தவீட்டுத் துடக்கு, அதாவது தீட்டு, என்றால் முப்பத்தோராம் நாள் கழியும்வரை நல்ல காரியம் ஒன்றுக்கும் போகமாட்டோம். கோயில் படி மிதிக்கமாட்டோம். கலியாண வீட்டுக்காரர் எதிரே வந்தால் நாங்களாகவே விலகி நிற்போம். எங்கள் துடக்கு அடுத்தவனின் நல்ல காரியத்தில் படக்கூடாது. திறப்புவிழாவோ அந்த நாட்களுக்குள் வந்தது. அதை இந்த மண்ணின் ஆதிக்குடியான மாவோரிப் பெரியவர் ஒருவர் விடியப்புறம் வந்து பிரார்த்தனை செய்து, தண்ணீர் தெளித்துத் தொடங்கி வைக்கப்போகிறார் என்று எனக்குத் தெரியும். யாருடைய பிரார்த்தனையாக இருந்தாலும் அது மங்களம்தானே. நானே போகாத இடத்துக்கு என் பெயரை அனுப்புவதா? நேற்று எரித்தவளின் பெயரை அதில் முதல்முதல் வாசிப்பதா? மேடைக்கு ஏதும் ஆகிவிடக்கூடாதே என்றுதான் என் மனம் போனது. அது நாங்கள் செய்த மேடை.

"நோ நேம்" என்றேன். "ப்ளீஸ். நோ நேம்."

"ஆர் யூ ஷுவர்?"

"ஷுவர். நோ நேம்."

இப்போது வேண்டாம், விழாவில் வேண்டாம், துடக்குக் கழிந்த பிறகு போடுவோம் என்பதுதான் என் எண்ணம். துடக்கு என்பதற்கு என் ஆங்கிலத்தில் சொல் இல்லை. அன்றைக்கு என் தமிழிலும் அதிகம் சொல் இல்லை. மகள் வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்துக்கொண்டு குசினியில் நின்றாள். கூப்பிட்டுக் கதைக்கச் சொல்லியிருக்கலாம். கூப்பிடவில்லை. அந்த அம்மா, உங்கள் விருப்பத்தை மதிக்கிறோம் என்று சொல்லி வைத்தார். எனக்கு அது பெரிய ஆறுதலாகக்கூட இருந்தது. நல்ல மனுசி, விளங்கிக்கொண்டார் என்று நினைத்தேன்.

அந்தியேட்டி முடிந்து, வீடு கழுவி, கோயிலுக்குப் போய் வந்தபிறகு ஒருநாள் காலையில் தனியாகக் குளக்கரைக்குப் போனேன். மேடையில் பிள்ளைகள் ஓடிக்கொண்டு நின்றார்கள். ஒரு தாய் சரக்குப் பெட்டியின் படியில் இருந்து குழந்தைக்கு வாழைப்பழம் உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். முனையில் தகடு மினுங்கியது. எனக்கு ஆங்கில எழுத்துக் கூட்டி வாசிக்கக் கொஞ்ச நேரம் எடுக்கும். ஒவ்வொரு பெயராக விரல் வைத்துப் பார்த்தேன். மண் அள்ளியவர்களின் பெயர் இருந்தது. சரக்குப் பெட்டியைக் கொண்டுவந்து தந்தவரின் பெயர் இருந்தது. மலேசியாக்காரரின் பெயர் இருந்தது. கடைசி வரியில், மற்றும் நண்பர்கள் என்று இருந்தது.

நாங்கள் நண்பர்கள்.

திரும்ப முதல் பெயரில் இருந்து தொடங்கினேன். எங்காவது விட்டிருப்பேன் என்று நினைத்தேன். அவளுடைய பெயர் எந்த எழுத்தில் தொடங்கும் என்று எனக்குத் தெரியும், அந்த எழுத்தையாவது தேடினேன். பிறகு மேடையின் நிலத்தைப் பார்த்தேன். ஒரு மயிர்க்கோடு இல்லை. அதைப் பார்த்துத்தான் எனக்கு அழுகை வந்தது.

மகளிடம் சொன்னேன். கிளென்ஃபீல்டில் இருந்து வேலை முடிந்த கையோடு வந்தாள். டெலிபோனில் நான் என்ன சொன்னேன் என்று கேட்டாள். சொன்னேன்.

"அப்பா, யூ டோல்ட் தெம் நோ" என்றாள்.

"அப்ப சொன்னது அப்பத்துக்கு."

"ஹவ் வுட் தே நோ தட்?"

"கேட்டிருக்கவேணும்."

"தே டிட் ஆஸ்க், அப்பா. ட்வைஸ்." பிறகு என் முகத்தைப் பார்த்தாளோ என்னவோ, பக்கத்தில் வந்து இருந்து தமிழில் சொன்னாள்: "விடுங்கோப்பா. அம்மாவுக்குத் தெரியும்தானே."

அதுதான் இல்லை. அம்மாவுக்குத் தெரியாது. தகட்டில் தன் பெயர் முழுதாக வரும் என்று நினைத்துக்கொண்டுதான் அவள் போனாள்.

மலேசியாக்காரரிடம் போனேன். கதவைத் திறந்ததும் உள்ளே இழுத்து இருத்தி, கோப்பி கொண்டுவந்து வைத்தார். விஷயத்தைச் சொன்னதும் அவருடைய முகம் மாறியது.

"அண்ணே, நீங்கதானே வேணாம்னு சொன்னதா அவங்க சொன்னாங்க."

"துடக்கு வீட்டில வேறென்ன சொல்லுறது?"

"எனக்கு அது தெரியாதுண்ணே. எங்க வீட்ல ஒருத்தர் தவறிட்டா மொத வேலையா பேரைக் கல்லறையில வெட்டிருவோம். அக்கா பேரைப் போட்டா நீங்க சந்தோஷப்படுவீங்கன்னுதான் நானும் நெனச்சேன். நீங்க வேணாம்னுட்டீங்கன்னு கேட்டதும், சரி, அண்ணன் அடக்கமான மனுஷன், வெளம்பரம் பிடிக்காதுன்னு நான்தான் கமிட்டியில எடுத்துச் சொன்னேன்."

என்னை! அடக்கமான மனுசன் என்று! பிறந்த நாளில் இருந்து என்மேல் ஒருவரும் போடாத பழி அது. மனுசி இருந்திருந்தால் வயிறு நோகச் சிரித்திருப்பாள். எனக்கும் சிரிப்பு வந்தது. அது பாதியில் வேறு மாதிரிப் போய்விட்டது. அவர் எழும்பி என் தோளில் கை வைத்துக்கொண்டு நின்றார். கோப்பி ஆறிப்போனது.

இரண்டு பேருமாகத் தலைவி அம்மாவிடம் போனோம். அவர், தான் என் சொல்லைக் காப்பாற்றியதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தார். விளங்கியபோது இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். ஆனால் தகடு கமிட்டியின் தகடு இல்லை, நிலம் நகரசபையின் நிலம், இந்தத் தகட்டில் இருக்கிற சொற்களுக்கு அனுமதி எடுத்தாகிவிட்டது, அடுத்த தடவை குளக்கரை அறிவிப்புப் பலகைகளைத் திருத்தும்போது சேர்க்கலாம் என்றார். அடுத்த தடவை எப்போது என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. பொய் சொல்லவும் மனம் வரவில்லை.

விஷயத்தை ஒரே சொல்லில் விளங்கிக்கொண்டவர் ஒருவர்தான். திறப்பன்று பிரார்த்தனை செய்த மாவோரிப் பெரியவர். குளக்கரையில் ஒருநாள் கண்டு, மலேசியாக்காரர் எனக்காகக் கதைத்தார். பெரியவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு நின்றார். தங்கள் ஆட்களும் சுடலையால் வெளியே வரும்போது கை கழுவித்தான் வருவார்களாம், சாவையும் மற்றதையும் கலக்கமாட்டார்களாம். "நீர் சரியாகத்தான் செய்தீர்" என்றார். பெயர் ஏறுகிற அன்றைக்குத் தன்னைக் கூப்பிடச் சொன்னார், வந்து திரும்பவும் பிரார்த்தனை செய்வாராம். என் நெற்றியில் தன் நெற்றியை வைத்துவிட்டுப் போனார்.

இப்போது ஒரு வருசம் போய், ஆட்டைத் திவசமும் முடிந்துவிட்டது. ஒரு துடக்கும் இல்லை. நல்ல காரியம் எதிலும் எங்கள் இரண்டு பேருடைய பெயரும் வரலாம். என்னிடம் கல் வெட்டுகிற மெஷின் இருக்கிறது. ஒரு காலை நேரம் போதும், அந்தக் கொங்கிரீட்டிலேயே ஒரு முழ எழுத்தில் வெட்டிவிட்டு வந்துவிடுவேன். செய்யமாட்டேன். நானே எழுதிக்கொள்வது எனக்கு வேண்டாம், மற்றவர்கள் எழுதவேண்டும். அதோடு அவள் தண்ணீர் ஊற்றி வளர்த்த நிலத்தில் நான் மெஷின் வைக்கமாட்டேன்.

அந்த இடத்தின் பழமை என்று பலகை பலகையாக எழுதி வைத்திருக்கிறார்கள். எஞ்சின் ஓட்டியவர்கள், கப்பலில் சுமை இறக்கியவர்கள், வீடு கட்டியவர்கள். எல்லாம் சரி, அவர்கள் உழைத்தவர்கள், இருக்கட்டும். நாங்களும் அந்தத் துறையில் உழைத்தவர்கள். அந்தத் தண்டவாளத்தில் குந்தியிருந்து சோறு தின்றவர்கள். அது புல்லுக்குள் புதைந்து கிடந்தபோது எடுத்து நிறுத்தியவர்கள். எங்களை நண்பர்கள் என்று எழுதினால் அது பாதி வெட்டிய பெயரைவிட மோசம்.

ஆகவே கமிட்டிக்கும், நகரசபைக்கும், இதை வாசித்து அவர்களுக்குச் சொல்லக்கூடிய எல்லோருக்கும் என் கோரிக்கை இது. அடுத்த தடவை என்று சொல்லவேண்டாம், எனக்கும் வயது போகிறது. இருக்கிற தகட்டைக் கழற்றிவிட்டுப் புதிதாக ஒன்று வையுங்கள். முதலில் அவளுடைய பெயர், முழுதாக. அதற்குக் கீழே என்னுடைய பெயர். மற்றவர்களுக்கு என்ன எழுத்து அளவோ எங்களுக்கும் அதே அளவு, கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம். இந்த மேடையைக் கட்டியவர்கள் என்று இருக்கவேண்டும். உதவியவர்கள் என்று எழுதினால் ஏற்கமாட்டேன்.